சோடாக்காரம்மாவின் நாக்கு

சோடா என்றால் மூக்கில் ஏற வேண்டும். கண்ணோரம் லேசாக நனைய வேண்டும். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு ஏப்பம் புறப்பட்டு வந்து, குடித்தவனை "அப்பாடா" என்று உட்கார வைக்க வேண்டும். இது எதுவும் நடக்காத தண்ணீரை பாட்டிலில் அடைத்து விற்கிறவன் சோடாக்காரன் இல்லை, தண்ணீர் லாரிக்காரன். இது சோடாக்காரம்மாவின் தீர்ப்பு. சோடா விஷயத்தில் அவள் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போக அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். வாடகைக் கொட்டகையில், கையால் சுற்றுகிற ஒரு பழைய மெஷினோடு ஆரம்பித்தாள். அறுபதைத் தாண்டிய இந்த வயதில் வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தக் கொட்டகை இருக்கிறது. தண்ணீரைக் குளிர வைக்கிற தொட்டி, வரிசையாக காஸ் சிலிண்டர்கள், பாட்டில் நிரப்ப ஒன்று, மூடி முறுக்க ஒன்று என்று இரண்டு மெஷின்கள், வாசலில் லோடு வண்டி. எலுமிச்சை, இஞ்சி, ஆரஞ்சு, வெறும் சோடா என்று நாலு வகை. "இதுல ஒரு செங்கல்லுகூட யார் தயவுலயும் வந்ததில்ல. எல்லாம் இந்த நாக்கு சம்பாதிச்சது" என்பாள். நாக்கை வெளியே நீட்டியும் காட்டுவாள்.

காட்டலாம், தப்பில்லை. தினமும் காலையில் மெஷினிலிருந்து இறங்கும் முதல் பாட்டில் அவளுக்குத்தான். கண்ணை மூடி ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொள்வாள். லோடு வண்டி ஓட்டுகிற வீட்டுக்காரரும், மெஷினைப் பார்த்துக்கொள்கிற கொழுந்தனும் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி எதிரே நிற்பார்கள். "விடு" என்றால் மற்ற பாட்டில்கள் நிரம்பும். "ம்ஹூம்" என்றால் கொழுந்தன் சிலிண்டர் திருகைத் தொட வேண்டும். மெஷினில் காஸ் அளவு காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. அதை யாரும் மதித்ததில்லை. மீட்டருக்கே தன்மேல் மரியாதை இருந்திருக்காது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன வருஷம் வலிப்பு வந்தது. பாட்டில் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவள் நின்றபடியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. வீட்டுக்காரர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் சட்டையைச் சுருட்டி வைத்தார். அடுத்த மாதமும் வந்தது. டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் நின்ற இடத்திலேயே தூங்கி வழிந்தாள். போதாததற்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. தடிப்பு வந்தால் உடனே காட்டச் சொல்லியிருந்ததால் டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். டாக்டரம்மா அதை நிறுத்திவிட்டு வேறு மாத்திரைக்கு மாற்றினார். கொஞ்சமாக ஆரம்பித்து வாரா வாரம் ஏற்றிக்கொண்டே போனார்.

"விரல் நுனி மரமரன்னு இருக்கும், பயப்படாதீங்க. பசி குறையலாம். பேசும்போது சட்டுனு வார்த்தை வராம நிக்கும்" என்றார் டாக்டரம்மா.

"இவளுக்கா?" என்றார் வீட்டுக்காரர். அவர் குரலில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

"நிறைய தண்ணி குடிங்க, இல்லன்னா கிட்னியில கல்லு வரும். வேர்க்கிறது குறையும், வெக்கையில நிக்காதீங்க. திடீர்னு கண்ணு வலிச்சாலோ பார்வை மங்கினாலோ அந்த நிமிஷமே வாங்க. மனசு ரொம்பச் சோர்ந்து போச்சுன்னாலும் மறைக்காம சொல்லுங்க. ஏணி ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. குளிக்கும்போது உள்ள தாழ்ப்பாள் போடாதீங்க. எல்லாத்துக்கும் மேல, நீங்களா மாத்திரைய நிறுத்தக் கூடாது."

தாழ்ப்பாளை வீட்டுக்காரர் அன்றைக்கே கழற்றிவிட்டார். அதிலிருந்து, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிவிக்க சோடாக்காரம்மா உரக்கப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியதாயிற்று. "அண்ணி, தாழ்ப்பாளை நானே திரும்ப மாட்டித் தரேன், பாட்டை மட்டும் விட்டுடுங்க" என்று கொழுந்தன் கும்பிட்டார். அவள் இன்னும் உரக்கப் பாடினாள். வலிப்பு அதன் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

இப்படி எல்லாம் சரியாகப் போய்க்கொண்டு, மாத்திரையும் முழு அளவுக்கு ஏறிய வாரத்தில்தான் மைதானத்துக் கேன்டீன் வந்தது.

ஊரிலேயே பெரிய விளையாட்டு மைதானம். ஆட்டங்கள் ஆரம்பித்துவிட்டால் மாதக் கணக்கில் நடக்கும். அங்கே எப்போதும் டிவியில் விளம்பரம் வருகிற கம்பெனி சோடாதான். அந்தக் கேன்டீனில் தன் பாட்டில் நிற்க வேண்டும் என்பது சோடாக்காரம்மாவின் பல வருஷத்து வெறி. இந்த முறை கேன்டீன்காரர் இறங்கி வந்தார். "ஒரு வாரம் போடுங்க. ஜனங்களுக்குப் பிடிச்சா இந்த சீசன் முழுக்க உங்க சரக்குதான். பிடிக்கலன்னா மறுபடி என்னைக் கேட்காதீங்க" என்றார்.

"பிடிக்கலன்னா நான் கடையையே மூடிடறேன்" என்று அவள் பதில் சொன்னாள்.

முதல் நாள் காலை. முதல் பாட்டில். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"என்ன தம்பி இது, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

"நேத்து வச்ச அளவுதான் அண்ணி."

"சிலிண்டர்காரன் ஏமாத்திட்டான். ஏத்து."

கொழுந்தன் ஏற்றினார். ம்ஹூம். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ம்ஹூம். சிலிண்டர்காரரை போனில் கூப்பிட்டு, அவர் பரம்பரையையே சந்தேகப்படும்படி பேசினாள். நடுவில் ஒரு வார்த்தை சிக்கிக்கொள்ள, அதைவிடக் காரமான வேறொன்றைப் போட்டு நிரப்பினாள். அவர் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தார். மறுநாளும் சோடா சப்பென்றுதான் இருந்தது.

"அண்ணி, மீட்டர் முள்ளு சிவப்புக் கோட்டை முட்டுது."

"முள்ளு சொல்றதைக் கேட்கணும்னா எனக்கு எதுக்கு நாக்கு? ஏத்துன்னா ஏத்து!"

மூன்றாம் நாள் மத்தியானம் கேன்டீன்காரர் போன் செய்தார். உடனே வரச் சொன்னார். குரல் சரியில்லை. கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு வண்டியில் போகும்போதே அவள் தயாராகிவிட்டாள். காஸ் போதவில்லை என்பார், பழியை சிலிண்டர்காரர் தலையில் கட்டிவிடலாம்.

கேன்டீன்காரர் தலை முதல் இடுப்பு வரை ஆரஞ்சு நிறத்தில் நின்றிருந்தார். கூரையிலிருந்து எலுமிச்சை சோடா சொட்டியது. கல்லாவில் இருந்த பெண் குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சரக்கு... விக்... இது? மூடியத் திறந்தா துப்பாக்கி மாதிரி... விக்... அடிக்குது! நல்லவேளை பிளாஸ்டிக் பாட்டிலு. ஆட்டம் பாக்க வந்தவன் எல்லாம் மூக்கப் பிடிச்சுக்கிட்டு... விக்... நடுவரு விசில் ஊத முடியாம விக்குறாரு!"

"காஸ் ஜாஸ்தியா?" சோடாக்காரம்மாவுக்கு நம்ப முடியவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து மூடியை முறுக்கினாள். அது அவள் புடவையை நனைத்த மிச்சத்தை அப்படியே வாயில் கவிழ்த்தாள். சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"இதுல காஸே இல்லையே!"

கேன்டீன்காரருக்கு விக்கல் நின்றுவிட்டது. கொழுந்தன் அதே பாட்டிலை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். இருமி, கண்ணில் தண்ணீர் கொட்ட, தூணைப் பிடித்துக்கொண்டார். சோடாக்காரம்மா அவரைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். கோளாறு சிலிண்டரில் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்குச் சரியா அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் அவ்வளவு சின்னதாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நாளைக்கும் இப்படின்னா அத்தோட சரி" என்றார் கேன்டீன்காரர்.

அன்று சாப்பிட்ட பிறகு மாத்திரை தட்டில் அப்படியே கிடந்தது. இந்த மாத்திரை முழு அளவுக்கு ஏறிய பிறகுதான் நாக்கு போயிற்று என்று அவளே கணக்குப் போட்டுவிட்டாள்.

"போடல?" என்றார் வீட்டுக்காரர்.

"போட மாட்டேன். நாக்கு இல்லாம நான் யாரு? வந்தா வலிப்பு வந்துட்டுப் போகட்டும்."

"அது வந்தா நீ விழுவ. உனக்கு எதுவும் தெரியாது. பாத்துக்கிட்டு நிக்கிறவன் நான்." வீட்டுக்காரர் ஒரு மூச்சில் இவ்வளவு பேசுகிறவர் இல்லை. தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "காலையில டாக்டர்கிட்ட போவோம். அவங்க நிறுத்தச் சொன்னா நிறுத்து. அதுவரைக்கும் போடு."

அவள் முறைத்தாள். அவர் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார். கடைசியில் மாத்திரையை விழுங்கிவிட்டு, டம்ளரை நங்கென்று வைத்தாள்.

காலையில் டாக்டரம்மா கதையைக் கேட்டார். விக்கல் எடுத்த நடுவர் வரை வந்தபோது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா. இந்த மாத்திரைக்கு இப்படி ஒரு குணம் உண்டு. இதைப் போடறவங்க சில பேருக்கு காஸ் போட்ட எதைக் குடிச்சாலும் சப்புனு இருக்கும். ஏதாவது மாறுதல்னா சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன். சோடாக்காரங்கன்னு தெரிஞ்சும் நான் முன்னாடியே சொல்லாதது என் தப்புதான்."

"நாக்கு செத்துப்போச்சா டாக்டர்?"

"சாகல. சோடாவோட சுறுசுறுப்பு மட்டும் அதுக்கு எட்டல. இனிப்பு, புளிப்பு தெரியுதில்ல?"

"நல்லா தெரியுது."

"அப்புறம் என்ன? வேணும்னா கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு வேற மாத்திரைக்கு மாறலாம். அதுக்கு மாசக்கணக்காகும். நடுவுல வலிப்பு திரும்ப வந்தாலும் வரலாம். இல்ல, இதுலயே இருக்கலாம், உங்க வலிப்பு இதுக்கு நல்லா கட்டுப்படுது. யோசிச்சு முடிவெடுங்க. ஆனா நேத்து செய்யப் பாத்தீங்களே, ஒரேயடியா நிறுத்தறது, அது மட்டும் கூடவே கூடாது. நிறுத்தின வேகத்துல வலிப்பு விடாம அடுத்தடுத்து வரும். உயிருக்கே ஆபத்து."

வெளியே வந்ததும் அவள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். வலிப்பு நின்றதிலிருந்து அந்த மனிதர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். இத்தனை நாள் அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"இதே மாத்திரையில இருக்கேன்" என்றாள். "சோடாவுக்கு வேற வழி பண்றேன். வண்டிய நேரா கேன்டீனுக்கு விடுங்க. அந்த ஆளையும் ஏத்திக்கணும்."

கேன்டீன்காரர் வரமாட்டேன் என்றார். சோடாக்காரம்மாவிடம் வரமாட்டேன் என்று சொல்லி ஜெயித்தவர்கள் யாரும் இல்லாததால், கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் வீட்டுக்காரர், மறுபக்கம் கொழுந்தன். மூன்று பேர் கையிலும், காஸை நன்றாக இறக்கி நிரப்பிய மூன்று பாட்டில். எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள்.

"குடிங்க. ஒருத்தரும் வாயத் திறந்து ஒண்ணும் சொல்லக் கூடாது. நான் மூஞ்சிய மட்டும் பாக்கணும்."

குடித்தார்கள். மூன்று முகமும் பேசாமல் கிடந்தன. "ஏத்து" என்றாள். அடுத்த சுற்றில் கொழுந்தன் புருவம் மட்டும் உயர்ந்தது. "அவன் எதுக்கெடுத்தாலும் புருவம் தூக்குவான், கணக்கில்ல. ஏத்து."

"அண்ணி, மூஞ்சியப் பத்தி நேத்தே சொல்லியிருந்தா சவரம் பண்ணிட்டு வந்திருப்பேனே."

"பண்ணினாலும் இதேதான். குடி."

அடுத்த சுற்றில் வீட்டுக்காரர் மூக்கு சுருங்கியது. கேன்டீன்காரர் கண் இமை படபடத்தது. அவள் குனிந்து அந்தக் கண்ணோரத்தை, ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி உற்றுப் பார்த்தாள். ஈரம் வந்தது. வழியவில்லை. ஒரு நொடி கழித்து அவர் நெஞ்சு எழும்பியது. கொட்டகை அதிர ஒரு ஏப்பம்.

"அப்பாடா" என்றார் கேன்டீன்காரர், தன்னையறியாமல்.

"திருகைத் தொடாதே தம்பி! இதுதான்!" அவள் கை தட்டினாள். "நாக்கால பாக்கிறது எல்லாரும் செய்யிறது. அடுத்தவன் மூஞ்சியிலேயே சோடா ருசி பாக்கிறவள நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா" என்றார் கேன்டீன்காரர். அது உண்மைதானே. பாட்டிலைக் காலி செய்துவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினார். "சரி, சீசன் முழுக்க உங்க சரக்குதான். ஆனா ஒரு கண்டிஷன். காலையில ருசி பாக்க மூஞ்சி வேணும்னா என்னையும் கூப்பிடணும்."

"வரலாம். காலையில சீக்கிரமே வந்துடணும்" என்றவள், கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "என்ன நிக்கிறே? விடு!"

மெஷின் ஓட ஆரம்பித்தது.