அத்தானின் பக்கத்து பிரேக்

என் அக்கா புருஷனை ஊரே ‘பிரேக் மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவர் உட்காரும் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அவர் மிதிப்பார். மிதித்துவிட்டு ஒரு திட்டு திட்டுவார் பாருங்கள், அதற்கு எதிரே வந்த லாரியில் மோதியே தொலைந்திருக்கலாம் என்று தோன்றும். என்னை மூன்றாம் நாளே இறக்கிவிட்டார். “மாப்ள, உனக்கு சைக்கிள் போதும்” என்றார்.

அவருக்கு வலது தொடையில் கட்டி வந்தபோது, நாளெல்லாம் உட்கார்ந்து சதை பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தார். சதையில் வருகிற புற்றுநோய், சார்கோமா என்று பெயர் சொன்னார்கள். வெட்டியெடுத்தார்கள். அதே இடத்தில் திரும்ப வந்தது. நுரையீரலிலும் பொட்டுப் பொட்டாக வந்தது. கீமோ என்று சிவப்பு மருந்து ஏற்றினார்கள். முடி போனது, நாக்கில் ருசி போனது. கட்டி மட்டும் கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி கிளம்பியது.

அதற்குமேல் அந்த மருந்தை இதயம் தாங்காதாம். டாக்டரம்மா இரண்டாவது மருந்தைப் பற்றிச் சொன்னார். பூசி மெழுகவில்லை.

“இதுல கட்டி சுருங்குறது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் சார். சிலருக்கு கொஞ்ச மாசம் வளராம நிக்கும். சிலருக்கு அதுவும் இல்ல. நின்னாலே நல்லதுன்னு எடுத்துக்கணும்.”

“வண்டி பின்னால போகாது, நின்னா போதும்ங்கிறீங்க” என்றார் அத்தான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எனக்கு அந்த அம்மாள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அந்த மருந்து கட்டியை நிறுத்திப் பிடிக்குமா என்பதைத் தவிர எங்கள் வீட்டில் அப்புறம் வேறு பேச்சில்லை. அத்தான் மட்டும், மருந்து ஏற்றிவந்து வாந்தி ஓய்ந்ததும், அக்காவை வண்டிக்குக் கூட்டிப்போனார். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் பெண்டாட்டிக்கு அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடக் கொடுத்ததில்லை. “சும்மா கத்துக்கோ” என்றார். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. அவளுக்குப் புரியாதா என்ன?

நான் பின்சீட்டில் துணைக்கு. ஆச்சரியம், மனிதர் திட்டவே இல்லை. அக்கா பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், வண்டி அலுங்காமல் நின்றது.

“பாத்தியாடா? நீ பத்து ஜென்மம் எடுத்தாலும் இப்படி வராது” என்று அவள் என்னைச் சீண்டினாள். நோய் வந்தபிறகு அவள் சிரித்தது அந்த வண்டிக்குள் மட்டும்தான்.

ஸ்கேன் முடிவு கேட்கப் போன அன்றும் அக்காதான் ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் குறுக்குக் கம்பி இறங்கியிருந்தது. வண்டி மெதுவாகத்தான் போனது, ஆனால் நிற்கவில்லை. காவலாளி துள்ளி விலகினார். கம்பியில் முட்டித்தான் நின்றது.

“நான் மிதிச்சேனே!” என்றாள் அக்கா. “எப்பவும் இவ்வளவுதானே மிதிப்பேன்!”

அத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது பாதம் அவர் பக்கத்து பிரேக்கின் மேல்தான் இருந்தது.

“எப்பவும் நானும் கூட மிதிப்பேன்” என்றார். “உனக்குத் தைரியம் வரட்டுமேன்னு. இப்பவும் மிதிச்சேன். கால் கேக்கல.”

எந்த மாணவனுக்கும் காட்டாத சலுகையை அவளுக்குக் காட்டியிருந்தார். கெடுத்தும் வைத்திருந்தார்.

உள்ளே டாக்டரம்மா படத்தைத் திரையில் காட்டினார். கட்டி நிற்கவில்லை. தொடை நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. நுரையீரலில் புதிதாகவும் வந்திருந்தது. “இந்த மருந்த நிறுத்திடலாம் சார். இனிமே வலி இல்லாம பாத்துக்கலாம்” என்றார். வாசலிலேயே தெரிந்துபோன சங்கதிதான்.

வெளியே வந்ததும் அக்கா சாவியை அத்தானிடம் நீட்டினாள். “என்னால முடியாதுங்க.”

“நீதான் ஓட்டணும்.”

ஏறி உட்கார்ந்தார். வலது தொடையை இரண்டு கையாலும் தூக்கி, பாதத்தை பிரேக்கிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். முதல் திருப்பத்தில் அக்கா மிதித்த மிதியில் மூவரும் முன்னால் போய் விழுந்தோம்.

“கண்ணு எங்க இருக்கு? தொடச்சிட்டு ரோட்டப் பாரு! யார் வந்து மிதிப்பான்னு உக்காந்திருக்கே?”

அக்காவை அவர் அப்படித் திட்டி நான் கேட்டதே இல்லை. வீடு வரைக்கும் குரல் கம்ம விடாமல் திட்டிக்கொண்டே வந்தார்.