மெயிலின் கடைசி வரி

பத்து வருஷத்துக்கு முன்னால், அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த புதிது. திருப்பத்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். ஆபீஸ் மெயில்களை அகராதியும் கையுமாகத்தான் படிப்பேன். சம்பளப் பிரிவு மேடம் ஒருவர் அனுப்பும் மெயிலில் கடைசி வரி, 'டோன்ட் ஹெசிடேட் டு கால் மீ'. கீழே செல் நம்பர். 'ஹெசிடேட்' என்றால் தயங்குவது என்று தெரிந்ததும் உருகிவிட்டேன். முகம்கூடத் தெரியாதவனைத் தயங்காமல் கூப்பிடச் சொல்கிறாரே, பட்டணத்தில் இப்படியும் ஒருவரா!

ஒரு சனிக்கிழமை காலை, அம்மா முதல்முறையாகத் தனியாக பஸ் ஏறி வந்தாள். பூந்தமல்லியில் நான் போய் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. விடாத மழை. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், ஓர் ஆட்டோகூட வரவில்லை. அப்போது அம்மாவின் போனிலிருந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மா ஒருவர் பேசினார்.

"நைனா, உங்கம்மா தல சுத்தி குந்திகினு கீறாங்க. யாராச்சும் வந்து இட்டுகினு போங்கப்பா."

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? மேடத்துக்கு வீடு பூந்தமல்லி என்று கேள்விப்பட்டிருந்தேன். கூப்பிட்டேன்.

"மேடம், தயங்காமக் கூப்பிடுங்கன்னு மெயில்ல போட்டிருந்தீங்க. அதான்..." என்று ஆரம்பித்து விஷயத்தைக் கொட்டினேன்.

"அம்மா என்ன கலர் புடவை?" என்று மட்டும் கேட்டார்.

தண்ணீரில் நடந்து, பஸ் மாறி, நான் போய்ச் சேர மதியமாகிவிட்டது. அதற்குள் மேடம் அம்மாவை டாக்டரிடம் காட்டி, வீட்டுக்கும் கூட்டிப்போயிருந்தார். நனைந்த புடவை கொடியில் தொங்க, ஆயுளில் நைட்டியே போடாத அம்மா, மேடத்தின் நைட்டியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை நண்பர்களிடம் சொன்னால், விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அது எல்லா மெயிலுக்கும் அடியில தானா வர்றது மச்சான். அத நம்பியா கூப்ட்ட?"

கூசிப்போய், மன்னிப்புக் கேட்க மேடத்திடம் போனேன்.

"நானே அந்த வரியப் படிச்சதில்லப்பா. நீங்க போன்ல சொன்னப்போதான், அடடா, இப்படியா போட்டிருக்கோம்னு தோணுச்சு. போட்டாச்சு, அப்புறம் வராம எப்படி?" என்றார்.

நான் வேலை மாறியதில் அவருடைய தொடர்பு விட்டுப்போனது. இப்போது என் மெயிலின் அடியிலும் அதே வரி தானாக வருகிறது. தெரியாத நம்பரிலிருந்து போன் வரும்போதெல்லாம், அவரை நினைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன்.