இரும்பு மாமாவுக்கு வந்த வயிற்றுவலி

இரும்புக் கட்டில் செய்கிற அவரை அந்த வட்டாரமே இரும்பு மாமா என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடத்தை அவர் எட்டிப் பார்த்ததோடு சரி. வெல்டிங் பட்டறைக்குத் துரு தேய்க்கப் போனவர், பின்னாளில் அந்தப் பட்டறையையே விலைக்கு வாங்கினார். இதை யார் கேட்டாலும் சொல்வார். கேட்காதவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்வார். அந்த வட்டாரத்து ஆஸ்பத்திரியின் கட்டில்கள் அத்தனையும் அவர் பற்றவைத்தவை. அவற்றில் ஒன்றிலாவது நோயாளியாகப் படுத்ததில்லை என்பது அவருடைய தனிப் பெருமை.

படுத்தது அவர் மனைவிதான். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. நல்லவேளையாக ஆஸ்பத்திரி அடுத்த தெரு. திரும்பும்போது மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மருந்துக்கடைப் படியில் கொஞ்சம் உட்கார்ந்து, அந்த அம்மாள் எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடுவார்.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. நகரத்தில் ஆஸ்பத்திரிகள் அதிகமாம். இங்கே பாதிக் கட்டில் காலியாம். மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிட்டால் செலவு மிச்சமாம். மறுகோடிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மிஷினிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறவர், இரண்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வீடு வந்து சேர முடியாது. தெருக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கோஷம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள். மாமாவுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

"பாதிக் கட்டில் காலி, அதானே குறை? ரொப்பிட்டாப் போச்சு" என்றார்.

மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வார்டுகளைப் பார்வையிட வருவதாக இருந்தது. வார்டைப் பார்த்துக்கொள்ளும் பெரிய சிஸ்டரிடம் மாமா யோசனையைச் சொன்னதும் அவர் கையை உதறினார்.

"என் வேலை போயிடும் ஐயா."

"ஆஸ்பத்திரியே போகப்போவுது. வேலைய மட்டும் வெச்சு என்ன பண்ணுவீங்க?"

பெரிய சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எதையும் பாக்கல" என்றார்.

குறிப்பிட்ட நாளில் தெருவே வந்து படுத்தது. சலூன்காரர் இருமலை எடுத்துக்கொண்டார். தையல்காரருக்கு முதுகு. பால்காரர் காலில் கட்டுப் போட்டு, அதை உயரத் தூக்கியும் வைத்தார்கள். மாமாவுக்கு மிஞ்சியது வயிற்றுவலி.

"எனக்கா? கல்லத் தின்னாலும் கரைக்கிற வயிறுய்யா இது."

"அதான் மாமா. கல்லத் தின்னுட்டீங்க, இன்னும் கரையல. அப்படி நெனச்சுக்குங்க" என்றார் பக்கத்துக் கட்டில் சலூன்காரர்.

மனைவி மிஷினிலிருந்து எழுந்த கையோடு, சக்கர நாற்காலியில் மாடி வார்டுக்கு வந்து வாசலோரம் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, முனகறதோட நிறுத்திக்குங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்."

"எனக்குப் பேசத் தெரியாதா?"

"தெரியும். அதான் பயமா இருக்கு."

அதிகாரி அம்மாள் உதவியாளரோடு வந்தார். சலூன்காரர் இருமலில் ருசி கண்டுவிட்டார்; நிறுத்தவே இல்லை. மாமாவும் குறை வைக்காமல் முனகினார். "பாவம், ரொம்ப வலி போலிருக்கு" என்று அதிகாரி அம்மாளே சொல்லும்படி முனகினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலுக்கு நகரப்போன அந்த அம்மாள் மாமாவின் கட்டில் கம்பியில் கை வைத்தார். சக்கரம் கிறீச்சென்றது.

"பாத்தீங்களா, எல்லாம் ஓட்டைக் கட்டில். புரண்டு படுத்தா உடைஞ்சுடும். இந்த இடத்த மூட இதுவே போதும்" என்றார் உதவியாளரிடம்.

முனகல் நின்றது. வாசலோரமிருந்து மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மாமா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் போர்வையை உதறினார்.

"மேடம், எதை ஓட்டைன்னு சொல்றீங்க? சக்கரத்துக்கு எண்ணெ போடாதது இவங்க தப்பு. கட்டில் நான் பத்தவெச்சது. யானையப் படுக்கவைங்க, அசையாது."

"ஐயா, உங்களுக்கு வயித்துவலி..."

"அது கெடக்கு."

கட்டில்மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தார். கட்டில் நின்றது. மறுபடி குதித்தார். நின்றது. சந்தேகம் யாருக்கும் இருக்கக் கூடாது என்று இன்னொரு தடவையும் குதித்தார். கட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் இடுப்பில்தான் படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"இப்ப வலிக்குதா?" என்றார் அதிகாரி அம்மாள்.

"லேசா."

அந்த அம்மாள் வார்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். இருமல் ஓய்ந்தது. பால்காரர் காலைக் கீழே இறக்கினார்.

"இங்க நெஜமாவே நோய் இருக்கறவங்க யாராவது இருக்கீங்களா?"

வாசலோரம் ஒரு கை உயர்ந்தது. முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி இருந்தது.

"எனக்கு இருக்கு மேடம். இவங்கல்லாம் எனக்காகத்தான் படுத்திருக்காங்க. நீங்க மாடியோட போயிடாதீங்க. கீழ வந்து பாருங்க. அங்க ஒரு கட்டிலும் காலியா இருக்காது. ஒருத்தர் எந்திரிக்கறதுக்குள்ள அடுத்தவர் வந்து நிப்பார்."

"கீழ இருக்கறத யாரும் எனக்குச் சொல்லலையே."

"நாங்களும் சொல்லாம, இருமிக்கிட்டுக் கெடந்துட்டோம்."

அதிகாரி அம்மாள் சக்கர நாற்காலிக்குப் பின்னாலேயே கீழே போனார். வெகுநேரம் மேலே வரவில்லை.

ஆஸ்பத்திரியை மூடத்தான் மூடினார்கள். மாடி முழுக்கப் பூட்டு. கீழ்த்தளத்து மிஷின் அறை மட்டும் அப்படியே இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. தான் குதித்ததால்தான் அந்த அறை தப்பியது என்று மாமா இன்றுவரை சொல்லிவருகிறார். மனைவி மறுப்பதில்லை. அடுத்த தெருவில் மிஷின் இருக்கிறது, அவருக்கு அது போதும்.

இடுப்புக்கு வைத்தியம் மறுகோடியில். மிஷின் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டு பஸ் மாறி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு கட்டிலைக் காட்டிப் படுக்கச் சொன்னார்கள். மாமா கால்பக்கத்தில் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அவர் கை வேலைதான். மூடிய ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"பாத்து படுங்க ஐயா, பழைய கட்டில். ஆட்டம் காணும்" என்றார் அங்கிருந்த சிஸ்டர்.

மாமா வாயைத் திறந்தார். மனைவி அவரைப் பார்த்தார்.

மாமா மெதுவாகப் படுத்து முனகினார்.