உயிரோடு இருந்தவளுக்கு இரட்டைப்படைப் பூ

தெமெனுகா செத்துவிட்டாள் என்று நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள் தெமெனுகா. அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே என் பூக்கடை. ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளை குட்டி கிடையாது. கப்ரோவோ பஸ்ஸுக்கும் சோபியா பஸ்ஸுக்கும் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதிக்கொண்டே இருப்பாள். குறுக்கெழுத்துப் போட்டி என்று நினைத்தோம். இத்தனை வருஷமாக அத்தனை கட்டங்களை ஒருத்தி எப்படி நிரப்புவாள் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அவள் கேட்கும் கேள்விகளும் ஒரு தினுசு. டிக்கெட் வாங்க வந்த ஒரு கொத்தனாரிடம், "அண்ணே, ஒரு ஆளை உள்ள நிக்கவச்சு சுவர் எழுப்பினா எவ்வளவு நேரம் உசுரோட இருப்பாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டான். இன்னொரு நாள் என் கடைக்கே வந்தாள்.

"பென்கா அக்கா, உன் பூவுல எதைத் தின்னா ஆள் காலி?"

"யாரை அனுப்பப் போற?"

"சும்மாதான் கேக்கறேன்."

"ஸ்லாவ்ச்சோவைத்தானே?"

ஸ்லாவ்ச்சோ கப்ரோவோ பஸ்ஸின் டிரைவர். அவள் கடைசி டிக்கெட்டைக் கொடுத்து முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுவான். அவள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு திட்டுவாள். அவன் பதிலுக்கு ஹாரனை அலற விடுவான். எங்கள் ஊருக்குத் தினமும் பொழுது அப்படித்தான் விடியும்.

"அவனுக்கெல்லாம் பூ ஒரு கேடா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் எழுதியது கதை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவும் என்ன கதை! சின்ன வயசில் நாமெல்லாம் கேட்ட கதைகளை எடுத்து, அதிலிருந்த விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகளுக்காகத் திரும்பச் சொல்லும் கதை. பாலத்துக்குள் வைத்துக் கட்டப்பட்ட கொத்தனார் பெண்டாட்டியின் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பகலில் கட்டுகிற பாலம் இரவில் இடிந்து விழும். மறுநாள் எவன் பெண்டாட்டி முதலில் சாப்பாடு கொண்டுவருகிறாளோ அவளை உள்ளே வைத்துக் கட்டிவிடுவது, வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று கொத்தனார்கள் சத்தியம் செய்துகொள்வார்கள். மற்றவன் எல்லாம் வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி காதில் ஓதிவிடுவான். ஒருத்தன் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். அவன் பெண்டாட்டி தூக்குவாளியோடு வருவாள். பாலம் நிற்கும். எங்கள் கதை அங்கே முடியும், தெமெனுகாவின் கதை அங்கேதான் தொடங்கும். அவள் கதையில் அந்தப் பெண் சுவருக்குள் சும்மா இருக்க மாட்டாள்.

தலைநகர் சோபியாவில் ஒரு பதிப்பகம் இதைப் புத்தகமாகப் போட்டது. மொத்தம் மூன்று புத்தகம், இது முதலாவது. ரலிட்சா என்று அங்கே ஒரு அம்மாள், எது அச்சுக்குப் போகும், எது போகாது என்று முடிவு செய்கிறவள். அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "உங்க ஊர் மன்றத்துலயே ஒரு கூட்டம் வையுங்க. நானே வந்து பாக்கறேன். மன்றம் நிறைஞ்சா மத்த ரெண்டையும் போடறோம். காலி நாற்காலிதான்னா இதோட நிறுத்திக்கலாம்." தெமெனுகா எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? வெட்கமாம். இந்த வயசில் பேய்க்கதை எழுதுகிறாள் என்று சிரிப்போமாம். சிரித்திருப்போம்தான். ஆனாலும் வந்திருப்போம்.

வாயைத் திறக்க வெட்கப்பட்டவள் போஸ்டர் அடிக்கப் போனாள். எங்கள் ஊரில் அச்சடிக்கிற இடம் ஒன்றே ஒன்று, வெல்கோவின் கடை. வெல்கோவுக்குத் தொழில் சவப்பெட்டி. கூடவே இரங்கல் தாளும் அடிப்பான். ஊரில் யார் செத்தாலும் கறுப்புக் கரை போட்ட தாளில் படமும் பெயரும் அடித்து, வீட்டுக் கதவு, வேலை பார்த்த இடம், பஸ் நிலையம், தெருவிலுள்ள மரம் என்று எல்லாவற்றிலும் ஒட்டுவோம். ரொட்டி வாங்கப் போகிற வழியில் யார் போய்விட்டார்கள் என்று மரத்தில் படித்துக்கொள்வோம்.

"அண்ணே, நல்லா கறுப்பா இருக்கணும், பாத்ததும் ஒரு நடுக்கம் வரணும்," என்று வெல்கோவிடம் சொல்லியிருக்கிறாள். வெல்கோவுக்குத் தெரிந்த கறுப்பு ஒரே கறுப்புதான். மேலே சிலுவை, சுற்றிலும் கரை. நடுவில் அவள் கொடுத்த படம், பத்தொன்பது வயதில் எடுத்தது. அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படமும் அவளுக்குப் பிடிக்கவில்லையாம். படத்தைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எங்கள் ஊர் இரங்கல் தாளில் எல்லோருமே இளமையில்தான் செத்திருப்பார்கள். படத்தின் கீழே அவள் பெயர். அதற்கும் கீழே அவளே எழுதிக் கொடுத்த வாசகம்: 'இருட்டு அவளை அழைத்தது. கல் அவளை மூடிக்கொண்டது. சனிக்கிழமை மாலை ஐந்து மணி, ஊர் மன்றத்தில். அனைவரும் வருக.'

புத்தகம் என்ற சொல்லைப் போடவே மறந்துவிட்டாள். எழுத்தாளராம்!

அதைக் கொடுத்த கையோடு, புத்தகப் பெட்டிகளை எடுத்துவர லீவு போட்டு சோபியாவுக்குப் போய்விட்டாள். வெல்கோ வழக்கமாக ஒட்டுகிற இடங்களில் எல்லாம் வழக்கம்போல ஒட்டினான். பஸ் நிலையக் கம்பத்தில், அவள் வீட்டுக் கதவில், மூடியிருந்த அவளுடைய டிக்கெட் ஜன்னலில்.

வியாழக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே சிலுவைக்குக் கீழே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தண்ணீர் வாளியைக் காலிலேயே போட்டுக்கொண்டேன். ஸ்லாவ்ச்சோ பஸ்ஸை விட்டு இறங்கிவந்து தொப்பியைக் கழற்றினான். அவனுக்கு வழுக்கை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நேத்துகூட 'நாசமாப் போறவனே'ன்னு திட்டினாளே அக்கா," என்றான். "நல்லாத்தானே திட்டினா. குரல்ல ஒரு கோளாறும் இல்லையே!"

"போன் போட்டுப் பாருடா."

போட்டான். அணைந்து கிடந்தது. அவள் போன் எப்போதும் அப்படித்தான் கிடக்கும், ஆனால் அது அந்த நேரத்தில் யாருக்கு நினைவுக்கு வருகிறது? "முடிஞ்சுபோச்சுக்கா," என்று தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு கப்ரோவோ பஸ் ஹாரன் அடிக்காமல் கிளம்பியது.

நான் வெல்கோவிடம் ஓடினேன். "எப்படிடா செத்தா?"

"வாடிக்கைக்காரங்க விஷயத்தை நான் வெளியில பேசறதில்லை."

"காரியத்தையெல்லாம் யாருடா ஏத்துக்கிட்டது?"

"அவங்களேதான். முன்கூட்டியே வந்து சொல்லிட்டாங்க."

எனக்குத் தலை சுற்றியது. யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று தானே எல்லாவற்றையும் ஏற்பாடு பண்ணிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பாவி! உடலைச் சர்ச்சில் வைக்காமல் மன்றத்தில் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பாதிரியாருக்குத்தான் மகா கோபம். என் கடைக்கே வந்து கத்தினார்.

"பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில பெரிய ஆளுங்களையெல்லாம் மன்றத்துலதானே வச்சாங்க சாமி," என்றேன்.

"இவ என்ன பெரிய ஆளு? டிக்கெட் கிழிக்கிறவ!"

"செத்தவளைப் பத்தி இப்படிப் பேசாதீங்க," என்று கடையை விட்டே அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில் பூக் கொடுப்போம், செத்தவருக்கு இரட்டைப்படை. பிறந்தநாளுக்கு நாலு பூ கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் என் கடை முழுவதும் இரட்டை இரட்டையாகக் காலியானது. ஸ்லாவ்ச்சோ பத்து வெள்ளைக் கார்னேஷன் கேட்டான். "நல்லதா பாத்துக் கட்டுக்கா. இனிமே என்னைத் திட்ட யாரு இருக்கா?" என்று அழுதான். எனக்கென்று இருந்ததிலேயே நல்ல லில்லியாக ஆறு எடுத்து ஒதுக்கிவைத்தேன். எதிர் ஜன்னலைப் பார்க்க முடியாமல் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வியாபாரம் பார்த்தேன்.

சனிக்கிழமை மன்றத்தில் நிற்கக்கூட இடமில்லை. ஊரே கறுப்பு உடுத்தி வந்திருந்தது. துக்கத்துக்குக் கொடுக்கிற வேகவைத்த கோதுமையைச் சர்க்கரை தூவி நாலைந்து வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் நடந்ததை தெமெனுகா பிறகு சொன்னாள். ரலிட்சாவின் காரில் வந்து பின்வாசல் வழியாக நுழைந்து, திரை இடுக்கில் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"எல்லாரும் கறுப்புல வந்திருக்காங்களே!" என்று ரலிட்சா வாயைப் பிளந்தாளாம். "கதைக்கு ஏத்த மாதிரி உடுத்தி, கையில பூவோட! இப்படிப்பட்ட வாசகர்களை நான் பாத்ததே இல்லைங்க!"

"எங்க ஊர்க்காரங்க தங்கம்," என்று இவள் அழுதாளாம்.

திரை விலகியது. மேடையில் நாலு மெழுகுவத்தி. நடுவில் தரையைத் தொடும் கறுப்பு உடையில், முகமெல்லாம் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு தெமெனுகா நின்றாள். யாரோ வீறிட்டார்கள். அது நான்தான் என்று ஸ்லாவ்ச்சோ சொல்கிறான், அவன்தான் என்று நான் சொல்கிறேன். பாதிரியார் மும்முறை சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்தவர் மடியில் சாய்ந்தார்.

"இத்தனை பேர் வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை," என்றது மேடையிலிருந்த உருவம்.

"அடிப்பாவி, நீ செத்துட்டடி!" என்று கத்தினேன்.

"நானா? எப்போ?"

"வியாழக்கிழமை!"

எல்லாத் தலைகளும் வெல்கோ பக்கம் திரும்பின. எல்லாச் சாவிலும் நிற்பதுபோல் கதவோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். "செத்தாளான்னு யாருமே கேக்கலையே," என்றான் நிதானமாக. "எப்படிச் செத்தான்னுதானே கேட்டீங்க?"

அதற்குப் பிறகு ஒரே கூச்சல். "விடிய விடிய கோதுமை வேகவச்சேனே!" "எங்களை வச்சு வேடிக்கை பாக்கறியா?" "சாவுல விளையாடுவாங்களா?" நாற்காலிகள் இழுபட்டன. முன்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்தது. திரையோரம் நின்ற ரலிட்சாவின் முகம் சுருங்கிப்போனது. தெமெனுகா ஒருமுறை அவளைப் பார்த்தாள், ஒருமுறை காலியாகிக்கொண்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தாள். நானும்தான் எழுந்தேன். உயிரோடு இருக்கிறாளே என்ற சந்தோஷம் ஒரு பக்கம், போய் அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, டிக்கெட் ஜன்னலில் பேசுகிற அதே குரலில் படிக்க ஆரம்பித்தாள். சுவருக்குள் நிற்பவள் தன் புருஷன் மித்ரேயைப் பார்த்துப் பேசுகிற இடம்.

'மித்ரே, கல் இடுப்புக்கு வந்துவிட்டது. விளையாட்டு என்று நினைத்து இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நெஞ்சுக்கு வந்துவிட்டது. அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நீ காப்பாற்றிவிட்டாய். எனக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாயே, அதை எந்தக் கல்லுக்கு அடியில் வைத்தாய்?'

கதவுவரை போனவர்கள் நின்றார்கள். எத்தனை தடவை கேட்ட கதை! ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணுக்காக அழுதுவிட்டு, சொன்ன சொல் தவறாதவன் என்று அந்தக் கொத்தனாரையும் மெச்சியிருக்கிறோம். சுவருக்குள் நின்றவள் அவனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பாள் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. நான் லில்லியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவளும் உட்கார்ந்தாள்.

கதையில் பாலம் முடிந்த இரவு அவள் கல்லிலிருந்து இறங்கி வருகிறாள். கையில் அதே தூக்குவாளி. ஒவ்வொரு கொத்தனார் வீட்டுக் கதவாகத் தட்டுகிறாள். 'சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன், வெளியே வா' என்கிறாள். கடைசியில் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அந்த இடத்தில் தெமெனுகா புத்தகத்தை மூடிவிட்டாள்.

கறுப்பு நகப்பூச்சு போட்டுக்கொண்டு திரியும் ஸ்லாவ்ச்சோவின் மகள் எலிட்சா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கதவைத் திறந்தானா இல்லையா?" என்றான் ஸ்லாவ்ச்சோ.

"புத்தகத்துல இருக்கு."

"ஏற்கெனவே அழவச்சது பத்தாதா? சொல்லித் தொலையேன்!"

"நான் டிக்கெட் குடுத்து முடிக்கற வரைக்கும் நீ என்னைக்காவது நின்னிருக்கியா? வாங்கிப் படி!"

மன்றமே கொல்லென்று சிரித்தது. இருந்த கோபமெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. ஸ்லாவ்ச்சோ பூச்செண்டோடு மேடையேறினான். கொடுக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டு பூக்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பத்தில் ஒன்றை உருவி மேசைமேல் வைத்துவிட்டு மீதியை நீட்டினான். பின்னாலேயே ஊர் முழுவதும் வரிசையில் வந்து, ஆளுக்கு ஒரு பூவை உருவி வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டது. நான் என் லில்லியில் ஒன்றை எடுத்துவிட்டு ஐந்தைக் கொடுத்தேன். கூடவே முதுகில் பலமாக ஓர் அடியும் கொடுத்தேன். புத்தகப் பெட்டிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்த ரலிட்சா, "அடுத்த ரெண்டையும் எப்ப தர்றீங்க?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

மேசைமேல் உருவிவைத்த பூ குவிந்து கிடந்தது. செத்தவருக்கென்று கொண்டுவந்ததை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. என்ன செய்வது என்று விழித்தோம்.

"இதெல்லாம் அவளுக்கு," என்றாள் எலிட்சா.

"யாருக்குடி?"

"சுவருக்குள்ள இருக்கறவளுக்கு. அவ நிஜமாவே செத்தவதானே? அவளுக்கு யாராவது பூ வச்சிருக்கீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. ஊர்க்கோடியில் இருக்கும் பழைய கல்பாலத்துக்கு எல்லோரும் நடந்தோம். பூவை எண்ணாமல் வைக்க எனக்குக் கை வராது. எண்ணினேன், ஒற்றைப்படையில் நின்றது. எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். விற்காமல் கிடந்த ஒரு சாமந்தி, காம்பு வளைந்தது, அதை எடுத்துவந்து சேர்த்தேன். பாலத்தடியில் தெமெனுகா மண்டிபோட்டு எல்லாவற்றையும் கல்லோடு சாய்த்துவைத்தாள். பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்தது.

"அக்கா, நான் நிஜமாவே சாகறப்பவும் இத்தனை பேர் வருவாங்களா?"

"வாயை மூடிக்கிட்டு எழுந்திரு. முழங்கால்ல சேறு."

திங்கட்கிழமை அவள் ஜன்னலைத் திறந்தாள். ஒட்டிய இரங்கல் தாளைக் கிழிக்க எங்கள் ஊரில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. அவளுக்கும் இல்லை. மழையில் தானாக உரியும்வரை தன்னுடைய சாவு அறிவிப்புக்குப் பின்னால் உட்கார்ந்துதான் டிக்கெட் கொடுத்தாள். ஸ்லாவ்ச்சோ ஒரு வாரம் அவள் கடைசி டிக்கெட்டைக் கொடுக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தான். அந்த வாரம் முழுவதும் எங்களுக்கெல்லாம் என்னவோபோல இருந்தது. அடுத்த திங்களன்று வண்டியைப் பாதியில் எடுத்தான், ஹாரன் அலறியது, "நாசமாப் போறவனே!" என்று பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே வந்தது. நான் ஸ்டூலை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.