சம்மதச் சீட்டில் ஒரு சின்ன ரேகை

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து கைபேசிக்கு ஒரு சேதி வந்தது. மாலை நேரக் கூடைப்பந்துப் பயிற்சியில் அவளைச் சேர்த்துக்கொள்ளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமாம். அடிபட்டால் பள்ளி பொறுப்பல்ல என்கிற ஒரே விஷயத்தைப் பதினோரு நிபந்தனைகளாகப் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் 'சம்மதம்' என்று ஒரு பச்சைப் பொத்தான். தொட்டேன். உறுதிசெய்யக் கட்டைவிரலை வைக்கச் சொன்னது கைபேசி.

"வெரல வையேம்மா. இன்னா யோசிச்சிக்கினு கீற?" என்றாள் மகள், பக்கத்தில் நின்றுகொண்டு.

வைத்தேன். 'ரேகை பொருந்தவில்லை, மீண்டும் முயலவும்' என்றது. கைபேசியைக் குறை சொல்ல முடியாது. பெற்றோர் சம்மதத்துக்காக நான் கட்டைவிரல் வைப்பது இது இரண்டாவது முறை. முதல்முறை வைத்தபோதும் பொருந்தவில்லை. அப்போது நான் பெற்றோராக இல்லை, பிள்ளையாக இருந்தேன்.

எங்கள் ஊரில் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். ஒன்பதாவதுக்கு ஏரிக்கரை வழியாக நடந்து உத்திரமேரூருக்குப் போக வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த ஊர் அது என்று கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தியவர் விளையாட்டு டீச்சர். ஆள் பற்றாக்குறையால் வரலாறும் அவரே, வகுப்பு டீச்சரும் அவரே. கழுத்தில் விசில் தொங்க, சோழர் காலத்தை அரை மணியில் முடித்துவிட்டு மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார். அங்கேதான் எனக்கு ஒரு திறமை இருப்பது தெரிந்தது. கோகோவில் என்னைத் தொட முடியாது. படிப்பில் என்னை யாரும் தேடியதில்லை. மைதானத்தில் எல்லாரும் துரத்தினார்கள். பதிமூன்று வயதில் அது பெரிய மரியாதை.

ஜூலையில் டீச்சர் குழுவுக்குப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார். பள்ளி விட்டபிறகு ஆறு மணி வரைக்கும் பயிற்சி. ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். 'என் மகள் பள்ளி முடிந்தபின் விளையாட்டுப் பயிற்சியில் கலந்துகொள்ள எனக்குச் சம்மதம்' என்று அச்சடித்து, கீழே ஒரு கோடு.

"பெத்தவங்க கையெழுத்தில்லாம ஒருத்தியும் கோட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. போன வருஷம் ஒருத்தி வீட்டுக்குத் தெரியாம ஆடிட்டு, அவங்க அப்பா வந்து என் குடுமியைப் பிடிச்சாரு. திருட்டுக் கையெழுத்துன்னு தெரிஞ்சுதுன்னா, டீம்ல இல்ல. டி.சி.யையும் வாங்கிக்கினு போலாம்."

சீட்டை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆறு மணி வரிக்கும் ஆடிட்டு, ஏரிக்கரை மேல இருட்டுல வருவியா? உங்க நைனா இன்னா சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். அவரண்ட போய் கேட்டு வைக்காத."

நைனா என்ன சொல்வார் என்று அம்மாவுக்குத் தெரியும் என்பது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. நானும் பார்க்கவில்லை. கேட்காமலே மறுக்கப்பட்டவளாக நேராகக் குற்றத்துக்குப் போனேன்.

இங்கே நைனாவின் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உத்திரமேரூரில் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கினார். நான் நாலாவது படிக்கும்போது ஊரில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தார்கள். நைனா ஐந்து மாதம் போனார். மற்ற எழுத்துகள் எதுவும் அவரிடம் ஒட்டவில்லை. தன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதை அவர் எழுதவில்லை, நட்டார். ஒவ்வோர் எழுத்தாக ஊன்றி, சரியாக நிற்கிறதா என்று தள்ளிப் பார்த்து, அடுத்ததற்குப் போவார். அவர் பெயரில் ஒரு ழ உண்டு. வாயில் அது ள-தான். காகிதத்தில் மட்டும் அதன் வாலை ஏர் திருப்புவது போல நிதானமாகத் திருப்பிக் கொண்டுவருவார். முடித்ததும் அடியில் இரண்டு புள்ளி. அதுவரைக்கும் வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. மில் பதிவேட்டில் மற்றவர்கள் வரிசையாக மை டப்பியில் விரலை அமுக்கிவிட்டுப் போக, நைனா மட்டும் சட்டைப்பையிலிருந்து தன் சொந்தப் பேனாவை எடுப்பார். தங்க நிற கிளிப் வைத்த பேனா. அதற்கு வேறு வேலையே கிடையாது.

அந்தக் கையெழுத்தைத் திருட உட்கார்ந்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: படித்தவர்கள் கிறுக்கும் கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். எழுதத் தெரியாதவர் போடும் கையெழுத்தைப் போடுவதுதான் கஷ்டம். நோட்டின் பின்னால் இரண்டு பக்கம் நிறைய முயன்றேன். என் எழுத்துகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகக் கைகட்டி வரிசையில் நின்றன. அவருடையவை மூட்டை சுமந்தவை மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு எனக்கு வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் வீட்டுச் சீட்டில் ரேகைதான் இருந்தது. ஒன்பதாவதுக்கு நான் புதிதாக வந்தவள். நைனா கையெழுத்துப் போடுவார் என்று அந்தப் பள்ளியில் யாருக்குத் தெரியும்? பேனா ரீஃபிலைக் கடித்து உடைத்து, மையைக் கட்டைவிரலில் தடவி, கோட்டின்மேல் அமுக்கினேன். பக்கத்தில் 'ரேகை' என்று எழுதி, நைனாவின் பெயரை என் அழகான கையெழுத்தில் எழுதினேன். ஐந்து மாதத்தில் அவர் ஏறி வந்த படியிலிருந்து அவரை இறக்க எனக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. அன்றைக்கு அது அப்படித் தெரியவில்லை. உதட்டில் மை ஒட்டிக்கொண்டதுதான் கவலையாக இருந்தது.

வீட்டில் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன். கணக்கில் நான் வாங்கிய மார்க்குக்கு அது நம்பும்படியாகவே இருந்தது. ஒன்றரை மாதம் ஆடினேன்.

ஒருநாள் கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போது கணுக்கால் மடங்கியது. நான் போட்ட சத்தத்தில் டீச்சர் பயந்துபோய் மில்லுக்கு ஆள் அனுப்பிவிட்டார். மில் பக்கம்தான். நைனா தலையில் சாக்குத் துணியோடு, உடம்பெல்லாம் தவிடாக, சைக்கிளை மைதானத்திலேயே சாய்த்துவிட்டு ஓடிவந்தார். கணக்குப் போட்டதில் கால் எப்படி வீங்கியது என்று அவர் கேட்கவில்லை. காலைத் தடவிப் பார்த்தார்.

"பதறாதீங்க, சுளுக்குதான்" என்றார் டீச்சர். "நல்லா ஆடுற பொண்ணு. நீங்க சம்மதிச்சு ரேகை வச்சீங்க, அதனாலதான் சேத்துக்கிட்டேன்."

"ரேகையா?" என்றார் நைனா.

அந்த ஒரு சொல்லில் என் உயிர் போயிற்று. டீச்சர் ஃபைலிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். நைனா வாங்கிப் பார்த்தார். மற்றது எதுவும் அவருக்குப் படிக்க வராது. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே பெயர் அங்கே இருந்தது. அதன்மேல் விரல் வைத்து ஓர் எழுத்து விடாமல் போனார். ழ-வில் கொஞ்சம் நின்றார். பிறகு பக்கத்திலிருந்த ரேகையைப் பார்த்தார். பாக்குக் கொட்டை அளவுகூட இல்லை.

டீச்சரும் இப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது. முகம் மாறியது. "இது உங்க ரேகைதானா? என்னங்க இவ்ளோ சின்னதா இருக்கு?"

தண்ணீர்ப் பானையடியில் பதினோரு பெண்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்துதான் டீச்சர். மை கம்மியா இருந்திச்சி. ஓரம் விளல."

"பாக்கெட்ல பேனா இருக்கே. கையெழுத்துப் போடுவீங்களா?"

நைனா பேனாவைத் தொட்டுப் பார்த்தார், அது அங்கே இருப்பது அவருக்கே புதுச்செய்தி மாதிரி.

"இது மொதலாளி பேனா. வச்சிருக்கச் சொன்னாரு. எனக்கு எழுத்தெல்லாம் வராது டீச்சர், கைநாட்டுதான்."

டீச்சர் சீட்டின் அடியில் 'மகளை அழைத்துச் செல்கிறேன்' என்று ஒரு வரி எழுதி, ஆபீஸிலிருந்து மை டப்பியைக் கொண்டுவரச் செய்தார். நைனா கட்டைவிரலை அமுக்கி என் ரேகைக்குக் கீழே வைத்தார். அழுத்தமாக, நாலு ஓரமும் விழும்படி. மேலே ஒரு பாக்கு, கீழே ஒரு வாழைப்பூ மடல். டீச்சர் இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டை மடித்து ஃபைலுக்குள் வைத்துவிட்டார். நைனா விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருக்க, நைனா ஏரிக்கரைமேல் தள்ளிக்கொண்டே நடந்தார். பாதி தூரம் போனதும்தான் கேட்டார்.

"என்னண்ட கேட்டியா நீ?"

"இல்ல நைனா. அம்மாதான் நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு..."

"மொதல்ல கேக்கணும் பாப்பா. நான் மாட்டேன்னு சொன்னப்பறம் திருட்டு ரேகை வச்சிருந்தா அதுல ஒரு நாயம் கீது."

அப்புறம் மதகு தாண்டியதும், "கால் வீக்கம் வத்துனா போ. ஆறு மணிக்கு மில்லாண்ட வந்து நில்லு, ஒண்ணா வூட்டுக்குப் போலாம்" என்றார்.

நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடி இல்லை, டி.சி. இல்லை, ஆட்டமும் உண்டு. பிறகு வாலாஜாபாத்தில் நடந்த போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். அந்தக் கோப்பைக்காகத்தான் இத்தனையும்.

அப்படிப் பயிற்சி முடிந்து ஒருநாள் மாலை மில் வாசலில் நின்றேன். பதிவேட்டு மேசையைச் சுற்றி ஆட்கள். நைனாவோடு மூட்டை தூக்கும் ஒருவரின் மகளும் எங்கள் குழுவில் இருந்தாள். அவர்தான் ஆரம்பித்தார்.

"இன்னாப்பா, இங்க பெரிய கலெக்டராட்டம் பேனா தூக்கற, இஸ்கூல்ல போய் ரேகை வச்சியாமே?"

"டீச்சரம்மாவப் பாத்ததும் எழுத்து மறந்து பூட்சா?" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார்.

"பேனாவுல மை தீந்து பூட்சிப்பா" என்றார்.

"அப்ப இங்கயும் தீந்து பூட்சின்னு வச்சிக்க. இந்தா டப்பி!"

நைனா டப்பியை ஓரமாக நகர்த்திவிட்டுக் குனிந்து கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு இரண்டு புள்ளி வைக்க மறந்துவிட்டார். எனக்கு நல்ல பசி. சீக்கிரம் போட்டுவிட்டு வந்தாரே என்று நிம்மதியாக இருந்தது.

காலாண்டுத் தேர்வு முடிந்து, ரேங்க் அட்டை வாங்கப் பெற்றோர் நேரில் வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நைனா அரைநாள் லீவு போட்டு, குளித்து, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், பையில் பேனா இல்லை. அது மாடப்பிறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். தப்பெல்லாம் செய்திருந்தாலும் நான் கெட்டிக்காரப் பிள்ளைதான். எதையும் மறக்க விடமாட்டேன்.

"நைனா, பேனாவ மறந்துட்ட."

நைனா அதைக் கையில் வாங்கி, கிளிப்பை ஒருமுறை விரலால் துடைத்தார்.

"அது இன்னாத்துக்கு அங்க?" என்று சொல்லி, உள்ளே போய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

நான் பத்தாவது முடிக்கும்வரை அந்தப் பள்ளிக்கு வந்தபோதெல்லாம் அவர் அப்படித்தான் வந்தார். வெள்ளைச் சட்டையில் மை கசிந்துவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.