ஆறாவது பிள்ளைக்கு வளைகாப்பு

அன்று சிங்கப்பூர்த் தேக்காவில், தையற்கடை மாடியறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: நர்ஸ் அக்கா, ஐந்து பெண்களைப் பெற்று ஆறாவதைச் சுமந்திருந்த ஒருத்தி, அவளுடைய மாமியார், கடையில் பொத்தான் தைக்கிற நான். நடுவே ஒரு தாம்பாளம் நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்.

கருவைக் கலைத்தால் ஜெயில் என்றிருந்த காலம். போன பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிது. இன்னொன்று தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களே தவிர, வழி காட்டவில்லை. காட்டியது நர்ஸ் அக்காதான். கண்ட இடத்தில் கலைக்கப் போய்ப் பெண்கள் சாவதை வார்டில் பார்த்துப் பார்த்து, துணிந்த டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்திருந்தார். எங்கள் மாடியில் ஏதாவது விசேஷம் என்று பேர் பண்ணி, அங்கிருந்து டாக்சியில் கூட்டிப்போவார்.

அன்றைய சாக்கு வளைகாப்பு. அக்கா யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். "எங்க பக்கம் முதல் பிள்ளைக்குத்தான்க்கா போடுவாங்க" என்றேன். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எதற்கும் பயப்படுவேன். "உதெல்லாம் பொலிசுக்குத் தெரியுமே? பயப்பிடாதை பிள்ளை" என்று சிரித்தார்.

மாடிக்குப் பெண்கள் ஏறி இறங்குவதாக யாரோ சொல்லியிருக்க வேண்டும். வந்து நின்றவர் தமிழ்ப் போலீஸ்காரர்.

"சலவைக்காரர் சம்சாரம்தானே நீ? ஆறாவதுக்கா வளைகாப்பு?"

அக்காவின் முகம் வெளுத்தது. மாமியார்தான் எழுந்தார். "அஞ்சும் பொண்ணுப்பா. இதாவது பையனா தங்கணும்னு காளியம்மாவுக்கு நேர்ந்திருக்கேன். பொம்பளைங்க கூடுற இடத்துல உனக்கென்ன வேலை? வா, உனக்கும் ரெண்டு பூட்டி விடுறேன்லா!"

போலீஸ்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த வேண்டுதல் பொய். ஆனால் அந்தம்மாவின் ஆசை நிஜம். ஐந்து முறை பேரனுக்காகக் காத்திருந்தவர். டாக்சி ஏறும்போது, "எனக்கு மருமக இருந்தாப் போதும்" என்று மட்டும் சொல்லி, நர்ஸ் அக்காவின் கையில் இரண்டு வளையலைப் பூட்டினார். வேலைக்கு இடைஞ்சல் என்று நகையே போடாத அக்கா, அவை உடையும்வரை கழற்றவில்லை.

பிறகு சட்டம் மாறியது. இன்று பெண்கள் டாக்டரிடம் சொந்தப் பேரைச் சொல்லியே கேட்கலாம். விசேஷம் எதையும் ஜோடிக்க வேண்டியதில்லை.

அக்காவைப் பெட்டியில் கிடத்தியிருந்த அன்று, நரைத்த தலையோடு அந்த ஐந்து பெண்களும் தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் எட்டி, அக்காவின் கையில் இரண்டு பச்சை வளையலைப் பூட்டினாள்.

"இது என்ன வழக்கம்?" என்றார் பாதிரியார்.

நான்தான் முந்திக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "எங்க வழக்கம், ஃபாதர். உயிரைக் காப்பாத்தினவங்களுக்குப் போடுறது."