மாரியம்மன் கேட்ட சவுக்காரம்

மாரியம்மன் சவுக்காரம், அதுதான் சோப்பு, கேட்டது உலகத்திலேயே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மட்டும்தான் நடந்திருக்கும். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் பக்கத்தில் நின்று காதால் கேட்டவள்.

எங்கள் பள்ளிக்கூடம் நாங்கள் குடியிருந்த லயங்களுக்குக் கீழே, ஓடைக்கரையில் இருந்தது. லயத்தில் துணி துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அந்த ஓடையில் கலந்துதான் எங்களிடம் வந்து சேரும். அதைத்தான் கையால் அள்ளிக் குடித்தோம். எப்போதும் யாராவது ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம். அந்த முறை மாமாவின் மகளுக்கு வந்தது. என் வயதுக்காரி, துவண்டு கிடந்தாள். அத்தை இதே நோய்க்கு மூத்த பிள்ளையை ஏற்கெனவே பறிகொடுத்தவள்.

மலைக்கு மேலே நல்ல ஊற்று ஒன்று இருந்தது. அங்கிருந்து மூங்கிலைப் பிளந்து பீலி போட்டால் தண்ணீர் தானாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும் என்று வாத்தியார் கெஞ்சிப் பார்த்தார். ஆனால் அது அம்மன் கரகத்தை ஜோடித்துப் பாலிக்கிற ஊற்று. திருவிழாவுக்குத் தவிர யாரும் அதில் கை வைக்கக் கூடாது. கோயில் பூசாரி எங்கள் மாமாதான். மகளுக்கு நோய் வந்ததே அம்மன் கோபத்தால்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அத்தை அழுது பார்த்தாள்.

"சாமி காரியத்துல பொம்பள தலையிடாத" என்று அவள் வாயையும் அடைத்துவிட்டார்.

அந்த வாரமே திருவிழா. ஊற்றடியில் கரகம் ஜோடித்து, தப்பு முழங்கியதும் அத்தைக்கு அருள் வந்தது. வருஷாவருஷம் வருவதுதான். அம்மன் வழக்கமாகச் சேவல் கேட்பாள், மாமாவும் தலையாட்டுவார். இந்தத் தடவை அத்தை கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு நேராக மாமா முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு மட்டும் ஊத்துத் தண்ணி, எம்புள்ளைங்களுக்கு அழுக்குத் தண்ணியாடா?"

அத்தையை 'ஏய்' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டறியாத மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"குத்தம்தான் தாயே! என்ன செய்யணும், சொல்லு."

"பள்ளிக்கூடத்துக்குப் பீலி போடு! புள்ளைங்க சவுக்காரம் போட்டுக் கையக் கழுவிட்டுத்தான் ரொட்டி திங்கணும்!"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வாத்தியார் வாயைப் பிளந்தார். மகளைப் பார்க்க வந்தபோது அவர் அத்தைக்குச் சொன்ன பாடம் அது. ஒரு வார்த்தை மாறாமல் அம்மன் ஒப்பித்துவிட்டாள்.

பிறகென்ன! அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டமே மலையேறியது. ஆண்கள் மூங்கில் பிளந்தார்கள். பெண்கள் கவைக்கம்பு நட்டு அதைத் தாங்கவைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஊற்றுத் தண்ணீர் பள்ளிக்கூட வாசலில் கொட்டியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமா ஹட்டன் டவுனுக்குப் போய் வாங்கிவந்த சவுக்காரக் கட்டியைத் தேங்காய் பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து, குங்குமம் இட்டு, பயபக்தியோடு சூடம் காட்டினார். நாங்கள் திருநீறு வாங்குவதுபோல வரிசையில் நின்று கை கழுவினோம். மருந்தில் தேறி எழுந்து வந்திருந்த மாமா மகள்தான் முதல் வாய் குடித்தாள். வாத்தியார் பிள்ளைகளோடு பிள்ளையாகக் குதித்தார்.

அத்தை மட்டும் ஒதுங்கிப்போய், ஊற்று இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போனேன்.

"தப்புன்னா என்னய எடுத்துக்க தாயி. புள்ளைங்கள விட்டுரு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் அருள் வந்துவிட்டது என்று நினைத்து நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அம்மனே வந்து சொன்ன காரியத்துக்கு அத்தை ஏன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.